மலோயாவும் நம் பறையும் – கடிதம்

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். ரீயூனியன் தீவின் மலோயா இசை பற்றி நீங்கள் எழுதிய சிறு குறிப்பைப் படித்துவிட்டு அந்தத் தீவின் மின்னணு இசைக் கலைஞர் ஜாகோ மாரோனைத் தேடிக் கேட்டேன். மூன்று நாட்களாக வேறெதுவும் கேட்கவில்லை. நான் சென்னையில் மென்பொருள் வேலை பார்க்கிறேன். இரவில் நண்பர்களோடு சேர்ந்து மின்னணு இசை செய்கிறோம். எங்கள் ஊரில் ஒரு சாவு ஊர்வலத்தில் போனில் பதிவு செய்த பறையடியை வெட்டி, லூப் போட்டு, மேலே சிந்தசைசர் சேர்த்து ஒரு பாட்டு செய்திருக்கிறேன். இணைத்திருக்கிறேன், கேளுங்கள். கேட்ட பெரியவர் ஒருவர் "மரபைக் கெடுக்கிறீர்கள்" என்றார். மரபான தாளத்தை இன்றைய இசையோடு கலப்பதற்கு எல்லை உண்டா? எங்கே நிறுத்த வேண்டும்?

இன்னொன்று. அந்தத் தீவுக்குக் கூலிகளாகப் போனவர்கள் நம் தமிழர்கள்தானே? அப்படியென்றால் மலோயாவே நம் பறையின் பிள்ளைதானே? ஆப்பிரிக்க அடிமைகளின் இசை என்று ஏன் எழுதினீர்கள்? இந்த மாதிரி இசைக்குச் சென்னையில் கூட்டம் வருமா? மலோயாவை எதிலிருந்து கேட்கத் தொடங்கலாம்?

அன்புடன்,
பிரபு

அன்புள்ள பிரபு,

கூட்டம் வருமா என்ற கேள்வியை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். பாட்டை முடித்த பிறகு யோசிக்க வேண்டியது அது. அந்தப் பெரியவர் சொன்னதை நினைத்தும் மருக வேண்டாம். அவர் வீட்டில் ஒரு பறை இருக்கிறதா என்று கேட்டீர்களா?

என்னைத் தூங்கவிடாமல் செய்தது உங்கள் கடிதத்தின் நடுவில் இருக்கும் ஒரு வரி. "மலோயாவே நம் பறையின் பிள்ளைதானே." இல்லை, பிரபு. இல்லவே இல்லை. இதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இதே வரியை நானும் ஒரு முறை சொல்லியிருக்கிறேன்.

இருபது வருடம் இருக்கும். புதுச்சேரியில் ஒரு தோழி வீட்டு மொட்டை மாடி. அவளுடைய உறவினர்கள் ரீயூனியனில் இருக்கிறார்கள். அங்கிருந்து வந்த ஒரு குறுந்தகட்டைப் போட்டாள். பாடியவர் கிரான்மூன் லேலே. சர்க்கரை ஆலையில் வேலை பார்த்தவர். முதல் ஆல்பம் வந்தபோது அவருக்கு அறுபது வயதைத் தாண்டியிருந்தது. கூடப் பாடியவர்களும் வாசித்தவர்களும் பெரும்பாலும் அவர் வீட்டு ஆட்களே. கிழவர் ஒரு வரி கூப்பிடுகிறார், மொத்தக் குடும்பமும் பதில் சொல்கிறது. அடியில் ஒரு கனத்த மத்தளம். இரண்டாவது நிமிடத்திலேயே நான் துள்ளி எழுந்து, "ஏய், இது நம்ம தப்பு மேளம்டி" என்றேன். தோழி என்னையே பார்த்தாள். "முழுசாக் கேளு. அவர் யாரைக் கூப்பிடுறாருன்னு கேட்டுட்டு அப்புறம் சொல்லு."

அவர் கூப்பிட்டது மடகாஸ்கர் முன்னோர்களை. மடகாஸ்கர் வழி வந்த தீவு மக்கள் இறந்தவர்களுக்குப் படையல் வைத்து, விடிய விடியப் பாடி ஆடுகிற சடங்கிலிருந்து வந்த பாட்டு அது. 'செர்விஸ் கபாரே' என்பார்கள். அன்று எனக்கு முகம் சுண்டிப்போயிற்று. அது நல்லதற்குத்தான்.

மடகாஸ்கருக்குக் கிழக்கே இருக்கிற சின்னத் தீவு ரீயூனியன். இன்றும் பிரான்சின் ஒரு பகுதி. பதினேழாம் நூற்றாண்டில் குடியேற்றம் தொடங்கியதிலிருந்தே மடகாஸ்கரிலிருந்தும், பிறகு ஆப்பிரிக்கக் கிழக்குக் கரையிலிருந்தும் ஆட்களைப் பிடித்துக் கொண்டுவந்து இறக்கினார்கள். முதலில் காப்பித் தோட்டம், பிறகு கரும்பு. 1848 டிசம்பர் 20 அன்று அடிமை முறை ஒழிக்கப்பட்டபோது அறுபதாயிரம் பேர் அளவுக்கு விடுதலை ஆனார்கள். விடுதலையானவர்களில் பலர் பழைய எஜமானின் வயலுக்குத் திரும்ப விரும்பவில்லை. அந்த இடத்தை நிரப்பத்தான் புதுச்சேரி, காரைக்கால் வழியாக நம் ஆட்கள் ஆயிரக்கணக்கில் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பல் ஏறினார்கள். நம் ஆட்கள் போய் இறங்கியபோது அந்த மத்தளம் அங்கே ஏற்கனவே ஒலித்துக்கொண்டிருந்தது.

அந்த மத்தளத்தின் பெயர் ரூலேர். பீப்பாயின் ஒரு வாயில் மாட்டுத்தோலை இழுத்துக் கட்டி, தரையில் படுக்கப் போட்டு, அதன்மேலேயே ஏறி உட்கார்ந்து இரண்டு கையாலும் அடிப்பார்கள். கூடவே கயாம்ப். கரும்புப் பூவின் தண்டுகளை வரிசையாக வைத்துக் கட்டிய தட்டைப் பெட்டி, உள்ளே விதைகள். இரு கையிலும் பிடித்து ஆட்டினால் ஓட்டுக் கூரையில் மழை விழுகிற சத்தம். கென்யக் கடற்கரையில் இதே கருவி கயாம்பா என்ற பெயரில் இருக்கிறது. முதுகை ஒடித்த அதே கரும்பின் தண்டை எடுத்து, மறந்துபோகாமல் மனதில் வைத்திருந்த ஊர்க் கருவியைத் திரும்பச் செய்திருக்கிறார்கள். சுரைக்குடுக்கை கட்டிய வில் ஒன்று உண்டு, பொப். மூங்கிலைக் குச்சிகளால் தட்டுவது பிக்கேர். இவற்றில் நம் பறை எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்.

நம் ஆட்களின் பங்கே இல்லையா என்றால், உண்டு. அங்கே தமிழ் வழி வந்தவர்களை மல்பார் என்கிறார்கள். அவர்கள் கோயில் தீமிதிகளில் நம் தப்புப் பறை 'தப்பூ' என்ற பெயரோடே ஒலிக்கிறது. இரவெல்லாம் நடந்த நம் கூத்து 'நார்ல்கோன்' ஆனது. நாடகம்தான் அப்படித் திரிந்தது. அதை நடத்துபவர் 'வர்த்தியால்', நம் வாத்தியார். ஊறுகாய் 'ருகாய்' ஆகி அந்தத் தீவு மக்கள் எல்லோர் தட்டிலும் இருக்கிறது. முருங்கைக்கீரையை 'முருங்' என்றே சமைக்கிறார்கள். ஒரே கரும்புக் காடு, பக்கத்துப் பக்கத்துக் குடிசை. கொடுக்கல் வாங்கல் இல்லாமல் இருக்குமா? மலோயாக்காரர்கள் சிலர் மல்பார் மத்தளத்தையும் சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் பக்கத்து வீட்டுக்கு அவசரத்துக்குப் புளி கொடுத்தவள் அந்த வீட்டுக்கே பட்டா கேட்கக் கூடாது.

சரி, அந்த மத்தளத்துக்காக அவமானப்பட்டது யார்? 1946-ல் அந்தத் தீவு பிரான்சின் முழு மாவட்டமானது. மலோயா காட்டுத்தனம் என்று ஒதுக்கப்பட்டது. அரசு வானொலி அதைத் தொடவில்லை. கம்யூனிஸ்ட் கட்சி மலோயாவைத் தன் கூட்டங்களில் ஒலிக்க வைத்ததால் அதிகாரிகளின் கோபம் இன்னும் கூடியது. 1976-ல் அந்தக் கட்சிதான் மலோயாவை இசைத்தட்டாக வெளியிட்டது. ஃபிர்மான் விரி என்ற கரும்புத் தொழிலாளியின் குரல் அப்படித்தான் வெளியே வந்தது. 1981-ல் பாரிசில் ஆட்சி மாறிய பிறகே நெருக்கடி தளர்ந்தது. 2009-ல் யுனெஸ்கோ அதைத் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. பட்டியலில் சேர்ந்த பிறகு உறவு கொண்டாட வருவது எளிது, பிரபு.

எனக்கு இதில் ஏன் இவ்வளவு கோபம் என்று சொல்கிறேன். எட்டு வயதில், எங்கள் ஊரில் ஒரு பெரிய சாவு. வாசலுக்குக் கொஞ்சம் தள்ளி நான்கு பேர் வைக்கோலைக் கொளுத்திப் பறை காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் மூத்தவர் தோலை நெருப்பில் காட்டுவார், விரலால் சுண்டிப் பார்ப்பார், காது கொடுத்துக் கேட்பார், மறுபடி காட்டுவார். நான் கிட்டப் போய், "தாத்தா, நான் தொட்டுப் பாக்கவா?" என்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. எங்கள் வீட்டுத் திண்ணையைப் பார்த்தார். பிறகு பறையை மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "வேணாம் பாப்பா, சுடும்." நான் தொடவே இல்லை. இருந்தும் பாட்டி என்னைக் கிணற்றடிக்கு இழுத்துப்போய்த் தலையில் தண்ணீர் ஊற்றினாள். அவரை ஊரில் எல்லோரும், சின்னப் பிள்ளைகள்கூட, சாதியைச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். அவர் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது.

நீங்கள் 'நம் பறை' என்று எழுதுகிறீர்கள். அந்த 'நம்' என்ற சொல்லுக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று ஒரு முறை பாருங்கள். என் சின்ன வயது 'நம்'மில் அவர் இல்லை. தெருவுக்குள் நுழைய விடாமல் நிறுத்திவைத்த பறையை, கடல் தாண்டி இன்னொருவர் மத்தளத்துக்கு மூலப்பத்திரமாக நீட்டுவது எனக்குத் தாங்கவில்லை. திட்டுவதாக நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

ரத்தத்தை வைத்துப் பேச ஆரம்பித்தால் தனியேல் வாரோவை எங்கே வைப்பீர்கள்? 1955-ல் மலைப்பக்கத்து ஏழை வெள்ளைக் குடும்பத்தில் பிறந்தவர். பிரெஞ்சு ராணுவத்தில் சேர மறுத்துச் சிறையில் இருந்தவர். ஃபிர்மான் விரியின் பாட்டைக் கேட்டுத்தான் மலோயா அவரைப் பிடித்தது. கருவிகளைத் தன் கையாலேயே செய்கிறார். தன்னைக் கலப்புப் பிறப்பு என்று பெருமையாகச் சொல்லிப் பாடுகிறார். உலகமெங்கும் மலோயாவின் முகமாக அறியப்பட்டவர் அவர். ஒரு மூப்பரிடமிருந்து எடுத்துக்கொண்டதாக வெளிப்படையாகச் சொல்லி, அந்த வேலையை ஆயுள் முழுக்கச் செய்கிறார். மல்பார் வழி வந்த ஜில்பேர் பூனியா 1979-ல் தொடங்கிய சிஸ்ககான் குழுவில் சிதாரும் தபலாவும் மலோயாவுக்குள் வந்தன. அவர் ஒரு நாளும் அதைத் தமிழ் இசை என்று பெயர் மாற்றவில்லை. இப்போது அவர் மகள் மாயா கமாத்தி மின்னணு ஒலிகளோடு பாடுகிறார். அதற்கும் முன்பே, 1970-களில், அலேன் பெத்தேர்ஸ் மாதிரி ஆட்கள் மின் கிதாரோடு மலோயாவைச் சேர்த்தார்கள். அவர் 1995-ல், நாற்பத்து மூன்று வயதில் போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் பாட்டை நினைத்தாலே மனசு கனக்கிறது. அவரைப் பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன்.

உங்கள் பாட்டைக் கேட்டேன். ஒலி நன்றாக இருக்கிறது, கற்பனை இருக்கிறது, உங்களிடம் ஏதோ ஒன்று நிச்சயம் இருக்கிறது. ஆனால் பறையடியை நீங்கள் நான்கின் கட்டத்துக்குள் உட்கார வைக்க நறுக்கித் தள்ளியிருக்கிறீர்கள். ஒவ்வொரு அடியும் கணினி காட்டிய கோட்டில் அப்படியே நிற்கிறது. ஜாகோ மாரோன் என்ன செய்தார் என்று மறுபடி கேளுங்கள். 2018-ல் அவருடைய மின்னணு மலோயாவை வெளியிட்டது உகாண்டாவில் இருக்கும் ஓர் இசை நிறுவனம். மலோயா ஆறின் தாளம். ஆறு எண்ணிக்கொண்டே கேட்டால், ஒரு நேரம் மூன்று மூன்றாக இரண்டு தட்டு, இன்னொரு நேரம் இரண்டு இரண்டாக மூன்று தட்டு, இரண்டும் ஒரே சமயத்தில் நடக்கும். கால் எதைப் பிடிப்பது என்று தடுமாறும், அந்தத் தடுமாற்றத்தில்தான் உடம்பு ஆடத் தொடங்கும். மூன்று மூன்றாக எண்ணும் திஸ்ர நடையில் வளர்ந்த நம் காதுக்கு அது சட்டென்று பிடிபடும். டிரம் மெஷின்களுக்கு நான்கு சுலபம். அவர் மெஷினை வளைத்து ஆறுக்குக் கொண்டுவந்தார். ரூலேரும் கயாம்பும் செய்த வேலையை மின்சாரம் செய்கிறது, தாளம் அசையவில்லை. நீங்கள் மெஷினை அசைக்காமல் பறைக்காரரின் கையை வளைத்துவிட்டீர்கள்.

எல்லை பற்றிக் கேட்டிருந்தீர்கள். எனக்கு எல்லையில் பெரிய அக்கறை இல்லை. ரூலேர் இல்லாத மலோயாவும் எனக்குச் சம்மதம்தான். முதலில் ஃபிர்மான் விரி, பிறகு லேலே, பிறகு வாரோ, கடைசியில் ஜாகோ மாரோன் என்று கேளுங்கள். பின்னாலிருந்து முன்னால் போகாதீர்கள்.

அந்தச் சாவு ஊர்வலத்தில் வாசித்தவர்களைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. எத்தனை பேர், எந்தத் தெரு, அடிக்குச்சியைப் பிடித்திருந்தவர் யார். உங்கள் ஊர்தானே, பொங்கலுக்குப் போவீர்கள். அவர் வீட்டுக்குப் போய், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே உட்கார்ந்து, பாட்டை அவருக்குப் போட்டுக் காட்டுங்கள். எங்கே வெட்டியிருக்கிறீர்கள் என்று அவரே சொல்லுவார். அவர் சம்மதித்தால் பாட்டில் அவர் பெயரை உங்கள் பெயருக்கு முன்னால் போடுங்கள், பணம் வந்தால் பங்கு கொடுங்கள். அடுத்த கடிதத்தில் அவர் பெயரை எனக்கும் எழுதுங்கள்.