சதுரங்கக் கேள்வி–பதில்: ஓசிச் சிப்பாய்

கேள்வி: ஈரோட்டுப் போட்டியில் எதிராளி ஓரச் சிப்பாயை ஏ3 கட்டத்துக்கு நகர்த்தியதும், எங்க பையன் ராணியை இறக்கி பி2 சிப்பாயை வெட்டினான். அடுத்த நகர்த்தலில் ராணி மாட்டிக்கிச்சுங்க. சும்மா கிடக்கிற சிப்பாயைத் தொடவே கூடாதுங்களா?
– வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: தொடலாமுங்க. பையனை வையாதீங்க. 1972-ல் ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக்கில் நடந்த உலகச் சாம்பியன் போட்டியில், பட்டம் வென்ற அமெரிக்கர் ஃபிஷரே இதே பி2 சிப்பாயைத் தின்றவர். 7-வது ஆட்டத்தில் தப்பி டிரா செய்தார். 11-வதில் அவரோட எதிராளி, அப்போதைய சாம்பியன் ஸ்பாஸ்கி 14-வது நகர்த்தலாகக் குதிரையைப் பிறந்த கட்டமான பி1-க்கே திருப்பினார். ஃபிஷரின் ராணி சிக்கியது, ஆட்டம் போச்சு. பின்னோக்கிப் போகும் குதிரை கண்ணில் படாது, அதுதான் கஷ்டம்.

உங்க பையன் கவனிக்க வேண்டியது அந்த ஏ3. சி3-ல் நின்ற எதிராளியின் குதிரை ஏ4-க்குத் தாவி ராணியைத் தாக்கும்போது, ராணிக்கு வழக்கமாக இருக்கும் வாசல் பி4-ம் ஏ3-ம். ஏ3-ல் சிப்பாய் வந்ததுமே இரண்டும் அடைபட்டுப் போச்சு: பி4-ஐ அந்தச் சிப்பாய் காக்குது, ஏ3-ஐ யானை காக்குது. அந்த ஏ3 இல்லாவிட்டால் பி2-வைத் துணிந்து வெட்டச் சொல்லியிருப்பேன்.

நகர்த்தல்களை எழுதி வைத்த ஸ்கோர் ஷீட்டை எடுத்து, பலகையில் காய் அடுக்கி, ராணி திரும்பும் கட்டங்களைப் பையனே விரல் வைத்துக் காட்டட்டும். செல்போனில் நகர்த்தல் கணக்குப் போடும் சதுரங்க என்ஜினை அதுக்கப்புறம் திறங்க. முதலிலேயே திறந்தால் விடை கிடைக்கும், அவனுக்குக் கண் பழகாதுங்க.