கைப்பையில் எது போகும், எது போகாது? கேட்டவர்களுக்குப் பதில்கள்

விமான நிலையத்தில் பைகளைச் சோதிக்கும் பிரிவில் பல வருடம் வேலை பார்த்தவன். தெரிந்ததைச் சொல்கிறேன். தங்கம், விசா, சுங்கம் பற்றிக் கேட்க வேண்டாம், அது என் துறை இல்லை.

கோவை வாசகி: டொராண்டோவில் இருக்கும் மகளுக்கு ஊறுகாய் கொண்டுபோனேன். சீல்கூட உடைக்காத பாட்டில். பிடுங்கிக் குப்பையில் போட்டுவிட்டார்கள். சாப்பிடுகிற பொருளில் என்ன ஆபத்து?

எக்ஸ்ரே திரையில் ஊறுகாய் ஊறுகாயாகத் தெரியாதும்மா. உலோகம் நீலமாகத் தெரியும், கரிமப் பொருள் எல்லாம் ஆரஞ்சு, இரண்டுக்கும் நடுவே இருப்பவை பச்சை. சோப்பு, அல்வா, ஊறுகாய், சில வெடிபொருள்கள், எல்லாமே அதே ஆரஞ்சுத் திட்டுதான். திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு ஒரு பைக்குக் கிடைப்பது சில விநாடிகள். அதனால்தான் எண்ணெய் மிதக்கிற ஊறுகாய், நெய், தேன் எல்லாவற்றையும் திரவக் கணக்கில் சேர்த்தார்கள். திரவம் என்றால் 100 மில்லிக்கு மேற்பட்ட பாட்டில் கைப்பையில் போகாது. இரண்டு பிளாஸ்டிக் கவர் போட்டுச் சுற்றி செக்-இன் பெட்டியில் வையுங்கள், போய்விடும். ஆனால் உங்கள் கோபம் முழுக்க நியாயம். டிக்கெட் விற்கும்போதே இதைத் தமிழில் இரண்டு வரி சொல்லியிருந்தால் அந்த பாட்டில் மகள் கைக்குப் போயிருக்கும். விதியில் தப்பில்லை, சொல்லாததுதான் தப்பு.

சேலத்துக்காரர்: நகவெட்டி?

போகும். மடக்குக் கத்தி சேர்ந்தது என்றால் பெட்டியில்.

திருநெல்வேலி நண்பர்: பாதி காலியான 200 மில்லி ஷாம்பு பாட்டிலைக்கூட விடவில்லை. உள்ளே 100 மில்லிகூட இருக்காது. இது என்ன கணக்கு?

கணக்கு பாட்டிலின் அளவுக்குத்தான், உள்ளே இருப்பதற்கு இல்லை. வரிசையில் நிற்கும் ஒவ்வொருவரின் பாட்டிலையும் அளந்து பார்க்க முடியாது, அதனால் மேலே அச்சடித்த எண்ணைப் பார்க்கிறார்கள்.

இந்த 100 மில்லி விதி எங்கிருந்து வந்தது என்றால், 2006 ஆகஸ்டில் லண்டனில் ஒரு கும்பலைப் பிடித்தார்கள். குளிர்பான பாட்டிலுக்குள் ஹைட்ரஜன் பெராக்சைடு கலவையை அடைத்து, அட்லாண்டிக்கைக் கடக்கும் விமானங்களை நடுவானில் வெடிக்க வைப்பது அவர்கள் திட்டம். ஆகஸ்ட் 10 அன்று பிரிட்டனில் புத்தகத்தைக்கூடக் கையில் கொண்டுபோக விடவில்லை. அந்த வருடக் கடைசிக்குள் 100 மில்லி பாட்டில்கள், எல்லாம் ஒரு லிட்டர் பைக்குள் என்று வந்து, உலகம் முழுக்கப் பரவியது. இதற்கும் முன்பே, 1994 டிசம்பரில் மணிலாவிலிருந்து டோக்கியோ போன பிலிப்பைன் ஏர்லைன்ஸ் விமானத்தில், கான்டாக்ட் லென்ஸ் கழுவும் திரவ பாட்டிலில் நைட்ரோகிளிசரின் கொண்டுவந்து இருக்கைக்கு அடியில் குண்டு வைத்தார்கள். ஒரு ஜப்பானியப் பயணி இறந்தார். சின்ன பாட்டில்தானே என்று யாரும் நினைத்துவிடக்கூடாது.

அதே நண்பர்: அப்படியென்றால் ஐந்து பேர் ஆளுக்கு ஒரு லிட்டர் பையோடு உள்ளே போய்ச் சேர்த்துக்கொள்ளலாமே? இது வெறும் நாடகம்தான்.

பெங்களூரிலிருந்து ஒருவர்: நானும் நாடகம் என்றுதான் சொல்வேன்.

துபாய் வாசகர்: நாடகம் என்பவர்கள் முதலில் இந்தச் சோதனை இல்லாத விமானத்தில் ஏறட்டும்.

இந்தச் சண்டை எனக்குப் பழக்கம், ஆனாலும் நேராகவே பதில் சொல்கிறேன். ஐந்து பேர் சேரலாம், உண்மைதான். ஆனால் ஐந்து பேர் சேர்ந்து திட்டம் போட்டால் போலீஸ் காதுக்கு எட்டவும் வழி அதிகம். 2006இலும் பிடித்தது உளவுத்துறைதான், ஸ்கேனர் இல்லை. இந்த 100 மில்லி விதி ஒரு முரட்டு விதி, வேறு வழி இல்லாததால் போட்டது. இப்போது வழி இருக்கிறது. சிடி ஸ்கேனர் என்று ஒன்று, ஆஸ்பத்திரியில் உடம்பை எடுப்பதுபோல பையை எல்லாப் பக்கமும் எடுத்து, பொருளின் அடர்த்தியையும் கணக்குப் போடும். 2025 ஜூலையில் எடின்பரோ விமான நிலையம் இதை வைத்தே இரண்டு லிட்டர் வரை அனுமதித்தது. அப்படியிருக்க, நாடகம் என்று வரிசையில் நிற்கும் சிஐஎஸ்எஃப் காவலரிடம் கத்துவதில் பயனில்லை. நம் ஊருக்கும் அந்த மெஷினை எப்போது போடுவீர்கள் என்று விமான நிலையத்தை நடத்துபவர்களைக் கேளுங்கள். நான் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறேன்.

மதுரை வாசகர்: 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் கொண்டுபோகலாமா?

கைப்பையில் போகலாம். செக்-இன் பெட்டியில் போடவே போடாதீர்கள். எம்ஏஎச்சை 3.7ஆல் பெருக்கி 1000ஆல் வகுத்தால் வாட்-அவர் வரும். உங்களுடையது 74. நூறு வரை தாராளம், 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும், அதற்கு மேல் கிடையாது. மேலே அச்சடித்த எண் அழிந்துபோயிருந்தால் எடுத்து வைத்துக்கொள்வார்கள்.

காரணம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதை யாரும் சொல்வதில்லை. சரக்கு அறையில் இருக்கும் தீயணைப்பு வாயு சுடரை அடக்கும், ஆனால் லித்தியம் பேட்டரி உள்ளுக்குள் தானாகச் சூடேறுவதை அதனால் நிறுத்த முடியாது. கேபினில் புகைந்தால் உடனே கண்ணில் படும், பணிப்பெண் தண்ணீர் ஊற்றிக் குளிரவைக்கலாம். 2025 ஜனவரியில் தென்கொரியாவின் கிம்ஹே விமான நிலையத்தில் ஏர் பூசான் விமானம் எரிந்தது, தீ தொடங்கியது தலைக்கு மேலே உள்ள பெட்டியில். பவர் பேங்க்காக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்றது விசாரணை. நல்லவேளை, விமானம் தரையில் நின்றது. அதற்குப் பிறகு கொரியாவில் பவர் பேங்க்கை மேலே வைக்கவே தடை. நீங்களும் மடியிலோ முன் இருக்கைப் பையிலோ வையுங்கள்.

ஈரோட்டுக்காரர்: 10,000 எம்ஏஎச்?

மேலே சொன்ன கணக்கைப் போடுங்கள்.

இன்னொருவர்: பவர் பேங்க்கை அணைத்துவிட்டுப் பெட்டியில் போடலாமா?

கூடாது. அணைத்தாலும், துணி சுற்றினாலும், புதிதாக இருந்தாலும் கூடாது. இதை இனி யாரும் கேட்காதீர்கள்.

நாகர்கோவில் வாசகர்: சபரிமலைக்கு இருமுடியோடு விமானத்தில் போகலாமா? தேங்காயைப் பிடுங்குவார்களா?

முழுத் தேங்காய் கைப்பையில் பொதுவாகத் தடைதான். ஆனால் 2024இல் மண்டல, மகரவிளக்குக் காலத்துக்காக, 2025 ஜனவரி 20 வரை இருமுடித் தேங்காயைக் கையில் கொண்டுபோக மத்திய அரசு அனுமதித்தது. எக்ஸ்ரே, வெடிபொருள் சோதனை, கையால் சோதனை எல்லாம் உண்டு. இது காலக்கெடு வைத்த அனுமதி, அதனால் மாலை போட்டதும் அந்த வருட அறிவிப்பைப் பாருங்கள். கொப்பரை வேறு கதை. எண்ணெய்ப் பசையால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடிய பொருள் என்று சர்வதேசப் பட்டியலிலேயே இருக்கிறது. அம்மா மடித்துக் கொடுத்தாலும் வேண்டாம்.

ஒரு வாசகி: அப்பாவுக்கு இன்சுலின். பயமாக இருக்கிறது.

பயப்படாதீர்கள். மருந்துக்கும் குழந்தையின் பாலுக்கும் 100 மில்லி கணக்கு இல்லை. டாக்டர் சீட்டோடு தனிப் பையில் வைத்து, கேட்பதற்கு முன் நீங்களே எடுத்துக் காட்டுங்கள். செக்-இன் பெட்டியில் போட வேண்டாம், உறைந்தால் இன்சுலின் கெட்டுவிடும்.

தஞ்சாவூர்க்காரர்: தயிர் சாதம் திரவமா?

உள்நாட்டு விமானம் என்றால் பெரும்பாலும் விடுகிறார்கள். வெளிநாட்டுக்கு என்றால் உள்ளே போவதற்கு முன்பே சாப்பிட்டுவிடுங்கள்.

கோவை வாசகி: பிடித்துவிட்டார்கள் என்றால் அந்த நேரத்தில் ஏதாவது வழி உண்டா?

உண்டு, நேரம் இருந்தால். சண்டை போடாமல், திரும்பிப் போய் கவுண்டரில் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று கேளுங்கள், பல நேரம் விடுவார்கள். இன்னொன்று, வழியனுப்ப வந்தவர்கள் வாசலிலேயே கும்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். நீங்கள் சோதனை முடித்து உள்ளேயிருந்து போன் பண்ணும் வரை அவர்களை வெளியே நிற்கச் சொல்லுங்கள்.