சமக்குறியிலிருந்து தொடங்குங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மகள் ஏழாம் வகுப்பு. கூட்டல், கழித்தல், வாய்ப்பாடு எல்லாம் மளமளவென்று வரும். எக்ஸ் வந்தால்தான் தடுமாற்றம். '4எக்ஸ் = 12' என்று கொடுத்தால் ஒரு நாள் 8 என்கிறாள், இன்னொரு நாள் −3 என்கிறாள். "அந்தப் பக்கம் போனால் குறி மாறும்" என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. அடிப்படைக் கணக்கை முதலிலிருந்து மறுபடி போட வைக்கலாமா?

க., தஞ்சாவூர்

அன்புள்ள க.,

வாய்ப்பாட்டுக்குத் திரும்ப வேண்டாம். அந்த 8, −3 இரண்டும் நீங்கள் சொல்லிக்கொடுத்த விதியிலிருந்தே வந்தவை. 4 அந்தப் பக்கம் போய் −4 ஆகிறது; 12 − 4 = 8. வகுக்க வேண்டும் என்று நினைவு வரும் நாளில் 12 ÷ (−4) = −3. பிள்ளை சொன்னபடிதான் செய்திருக்கிறாள்.

இன்று ஒரு கணக்கு கொடுத்துப் பாருங்கள்: 8 + 4 = ☐ + 5. கட்டத்தில் 12 அல்லது 17 எழுதினால் சிக்கல் சமக்குறியில் இருக்கிறது என்று பொருள். சரியான விடை 7. ஒன்றாம் வகுப்பிலிருந்து '8 + 4 =' என்று எழுதி, அடுத்து விடை போட்டே பழகியதால், '=' என்றாலே 'விடை எழுது' என்ற கட்டளையாகப் படிகிறது. கால்குலேட்டர் பொத்தானும் அதைத்தான் செய்கிறது. 1557இல் ராபர்ட் ரெக்கார்டு என்ற கணித அறிஞர் இந்தக் குறியைக் கொண்டுவந்தபோது, இரண்டு இணைகோடுகளைவிட ஒன்றுக்கொன்று சமமான வேறு இரண்டு பொருள் இல்லை என்றே காரணம் சொன்னார்.

அவளுடைய பழைய நோட்டைப் புரட்டினால் இப்படி ஒரு வரி அகப்படலாம்:

12 + 8 = 20 × 3 = 60 − 15 = 45

விடை சரி என்பதால் டிக் விழுந்திருக்கும். ஆனால் இடது ஓரத்தில் இருப்பது 20, வலது ஓரத்தில் 45. இந்தப் பழக்கத்தை முதலில் நிறுத்துங்கள். ஒவ்வொரு படியும் தனி வரியில் வரட்டும்.

ஒரு வாரம் எக்ஸே வேண்டாம். 9 = 4 + 5, 7 = 7, 6 + 5 = 10 + 2 என்று எழுதிக்கொடுத்துச் சரியா தவறா கேளுங்கள். பிறகு 37 + 48 = 36 + ☐. கூட்டிப் பார்க்காமல், 'இங்கே ஒன்று குறைந்தது, அங்கே ஒன்று கூட வேண்டும், 49' என்று சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

அடுத்து, 4எக்ஸ் என்பதில் ஒளிந்திருக்கும் பெருக்கல். எக்ஸ் = 3 என்றால் 4எக்ஸ் எவ்வளவு என்று கேட்டால் 43 என்று சொல்லும் பிள்ளைகள் உண்டு. கொஞ்ச நாள் 4 × எக்ஸ் என்றே எழுதட்டும்.

இனி 'அந்தப் பக்கம்' என்ற பேச்சையே விட்டுவிட்டு, இரு பக்கமும் செய்வதை முழுதாக எழுதச் சொல்லுங்கள்:

3எக்ஸ் + 5 = 20
3எக்ஸ் + 5 − 5 = 20 − 5
3எக்ஸ் = 15
3எக்ஸ் ÷ 3 = 15 ÷ 3
எக்ஸ் = 5

ஏன் முதலில் 5? எக்ஸை 3ஆல் பெருக்கிவிட்டுக் கடைசியாகக் கூட்டியது 5. அவிழ்க்கும்போது கடைசியாகப் போட்ட முடிச்சுதான் முதலில். முதலிலேயே 3ஆல் வகுப்பதும் தவறில்லை, ஆனால் 5ஐயும் வகுக்க வேண்டும். பிள்ளைகள் அதை விட்டுவிடுவார்கள். கடைசியில் விடையைப் பொருத்திப் பார்ப்பது கட்டாயம்: 3 × 5 + 5 = 20. இதைச் செய்திருந்தால் அந்த 8 அன்றே மாட்டியிருக்கும், 4 × 8 = 32 அல்லவா?

சமன்பாட்டின் இரு பக்கத்தையும் தராசின் இரு தட்டாகக் காட்டும் படம் பயன்படுத்துங்கள், ஆனால் எக்ஸ் + 8 = 3 வந்ததும் மூடி வையுங்கள்; −5 கிலோவை எந்தத் தட்டிலும் வைக்க முடியாது. 'ஏ என்றால் ஆப்பிள், பி என்றால் வாழைப்பழம்' என்ற விளக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம். 3ஏ + 2பி = 5ஏபி என்று எழுத வைப்பது அதுதான். ஏ என்பது ஆப்பிள் அல்ல, ஓர் எண். ஆப்பிளின் விலை என்றாவது சொல்லுங்கள்.

பள்ளியில் சுருக்கமாக இடம் மாற்றித்தான் போடச் சொல்கிறார்கள் என்றால் அங்கே அப்படியே போடட்டும். வீட்டில், விட்டுப்போன வரியை வாயால் சொல்லட்டும்: 'இரண்டு பக்கமும் 5ஐக் கழித்தேன்', 'இரண்டு பக்கமும் 3ஆல் வகுத்தேன்' என்று.