தினமும் படம் பார்ப்பது போலத் தெளிவான கனவுகள் வருகின்றன, காலையில் எழுந்தால் களைப்பு. ஏன், என்ன செய்யலாம்?

சமீபத்தில் புது மாத்திரை ஏதாவது ஆரம்பித்தீர்களா? இந்தக் கேள்வியை எனக்கு நானே கேட்டுக்கொள்ள இரண்டு மாதம் ஆனது.

ஒற்றைத் தலைவலி வராமலிருக்க மருத்துவர் ப்ரோப்ரனலால் எழுதிக் கொடுத்திருந்தார். தலைவலி குறைந்தது. ஆனால் வாரத்துக்கு நான்கு நாளாவது ஒரே கனவு. விழுப்புரம் ஜங்ஷனில் என் மகள் தண்ணீர் பாட்டிலோடு பிளாட்பாரத்தில் நிற்கிறாள், நான் ஏறிய ரயில் நகர்கிறது. வடை விற்கிறவர் குரல், கையில் ஜன்னல் கம்பியின் சில்லிப்பு, எல்லாம் அப்படியே இருக்கும். ஐந்து மணிக்கு வியர்த்துப்போய் எழுந்து, பக்கத்து அறையில் அவள் தூங்குகிறாளா என்று பார்த்துவிட்டு வருவேன்.

"விடியக்காலைக் கனவு பலிக்கும்டா" என்று அம்மா பயந்துபோய், பசு மாட்டின் காதில் போய்ச் சொல்லச் சொன்னார். மூன்றாவது மாடியில் குடியிருப்பவன் பசுவுக்கு எங்கே போவது!

பலிக்கிறதோ இல்லையோ, விடியற்காலைக்கும் கனவுக்கும் தொடர்பு உண்டு. மூடிய இமைக்குள் கண்கள் வேகமாக அசையும் தூக்க நிலையை 1953-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் அசெரின்ஸ்கியும் கிளைட்மனும் எழுதி வெளியிட்டார்கள். தெளிவான கனவுகள் பெரும்பாலும் அப்போதுதான் வரும். ஏறத்தாழ 90 நிமிடத்துக்கு ஒருமுறை அந்த நிலை திரும்பும். முன்னிரவில் சில நிமிடம்தான், விடிய விடிய நீண்டுகொண்டே போகும். அதன் நடுவில் விழித்தால் கனவு முழுசாக நினைவில் நிற்கும். தூக்கம் உடையாதவருக்கும் கனவு வரும், காலையில் ஞாபகம் இருக்காது, அவ்வளவுதான். உங்கள் களைப்புக்குக் கனவைவிட இந்த விழிப்பே காரணமாக இருக்கலாம்.

மருத்துவரிடம் சொன்னதும் மாத்திரையை மாற்றினார். நானாக நிறுத்தாமல் விட்டது நல்லதாயிற்று. அந்த வகை மாத்திரையைச் சட்டென்று விடுவது இதயத்துக்கு ஆபத்து. மனச்சோர்வுக்கான சில மாத்திரைகளும், சிகரெட்டை நிறுத்துவதற்காகத் தோலில் ஒட்டிக்கொள்ளும் நிக்கோட்டின் பட்டையும் இப்படிக் கனவு காட்டும். குடிப்பழக்கம் இருந்தால் அதையும் கணக்கில் சேருங்கள். மது முன்னிரவில் கனவுத் தூக்கத்தை அமுக்கும், பின்னிரவில் அது வட்டியோடு திரும்பி வரும்.

மற்ற கனவுகள் போயின, விழுப்புரம் மட்டும் போகவில்லை. அதற்கு ஒரு பயிற்சி உதவியது: பகலில் கனவை எழுதி, முடிவை நமக்குப் பிடித்த மாதிரி மாற்றி, தினமும் பத்து நிமிடம் மனதில் ஓட்டிப் பார்ப்பது. திரும்பத் திரும்ப வரும் கெட்ட கனவுகளுக்கு மனநல மருத்துவர்களும் இதைச் சொல்லித்தருகிறார்கள். என் கதையில் யாரோ சங்கிலியை இழுக்கிறார், நான் இறங்கிப் போகிறேன், மகள் "வடை வாங்கிக் கொடு" என்கிறாள். முதல் வாரம் சிரிப்பாகத்தான் இருந்தது. மூன்றாவது வாரம் கனவு வந்தது, ஆனால் ரயில் நகரவில்லை. அப்புறம் மாதத்துக்கு ஒருமுறை வந்தாலே அதிகம்.

தூக்கத்தில் கத்துவது, உதைப்பது, கட்டிலிலிருந்து விழுவது என்றெல்லாம் இருந்தால், அல்லது விபத்து, வன்முறை போன்ற ஒன்றுக்குப் பிறகு அதே காட்சி திரும்ப வந்தால், இந்தப் பயிற்சியைத் தனியாகச் செய்துகொண்டிருக்காமல் மருத்துவரைப் பாருங்கள். முடிந்தால் பக்கத்தில் படுப்பவரையும் கூட்டிப் போங்கள். நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று அவருக்குத்தான் தெரியும்.