மூன்றாம் அத்தியாயத்தைத் தாண்ட முடியவில்லை

கேள்வி: நாவல் ஒன்று எழுதுகிறேன். ஆறு மாதமாக முதல் மூன்று அத்தியாயங்களையே திருத்திக்கொண்டிருக்கிறேன். எழுதும்போதே திருத்துவதா, முடித்த பிறகா?
- வாசகி, வெள்ளவத்தை

பதில்: முடித்த பிறகுதான், தங்கச்சி. கதை எங்கே போகும் என்று உங்களுக்கே தெரியாத நேரத்தில் தொடக்கத்தை மெருகேற்றி என்ன பயன், கடைசியில் அந்த அத்தியாயமே வேண்டாம் என்று ஆகிவிடலாம் (எனக்கு அப்படி நாற்பது பக்கம் போனது, இன்னும் வயிறு எரிகிறது). நேற்று எழுதிய இரண்டு பக்கத்தைக் காலையில் வாசித்து, கண்ணில் பட்ட பிழையைத் திருத்துவது சரி, அது கை சூடாவதற்கு. அதற்கு முந்தின பக்கங்களுக்குப் போகாதீர்கள். தகவல் பிழை என்றால் கொப்பியில் குறித்துவிட்டு நகருங்கள். பம்பலப்பிட்டி வீடொன்றில் 1980இல் ரூபவாஹினி தொலைக்காட்சி பார்க்கிறார்கள் என்று எழுதிவிட்டீர்கள், அது தொடங்கியதே 1982இல். சரி, ஒரு வரிக் குறிப்பு போதும்.

ஒரு விதிவிலக்கு உண்டு. அம்மா சொல்லும் கதையை மகள் சொல்வதாக மாற்ற நினைத்தால் எழுத்தின் குரலே மாறிவிடும். அப்போது மட்டும் ஒரேயொரு அத்தியாயத்தைத் திரும்ப எழுதிப் பாருங்கள், குரல் பிடிபட்டதும் மிச்சத்தை அப்படியே விட்டுவிட்டு நாலாம் அத்தியாயத்துக்குப் போங்கள்.