முற்றுப்பெறாத நாடகத்துக்கு முடிவு எழுதலாமா?

கேள்வி: ரஷ்யக் கவிஞர் புஷ்கின் முடிக்காமல் விட்ட ‘ருசால்கா’ நாடகத்தை டர்பனில் தமிழில் மேடையேற்ற விரும்புகிறோம். கதையைத் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதிக் கரும்புத் தோட்டத்துக்கு மாற்றி, முடிவையும் நாங்களே எழுதலாமா?
— வாசகி, சாட்ஸ்வொர்த்

பதில்: களத்தைத் தாராளமாக மாற்றுங்கள், முடிவை மட்டும் எழுத வேண்டாம். புஷ்கின் மறைந்த பிறகு 1837இல் அச்சேறிய இந்நாடகத்தில், இளவரசனால் கைவிடப்பட்ட மாவாலைக்காரரின் மகள், கருவுற்ற நிலையில் தினேப்பர் ஆற்றில் விழுந்து நீரரமகளிரின், அதாவது ருசால்காக்களின், அரசியாகிறாள். ஏழாண்டுகளுக்குப் பின் அவள் பெற்ற சிறுமி கரையேறி வர, எங்கிருந்து வருகிறாய் என்று இளவரசன் அவளைக் கேட்பதோடு பிரதி நின்றுவிடுகிறது. 1856இல் இதை இசைநாடகமாக்கிய ரஷ்ய இசையமைப்பாளர் தர்கோமீழ்ஸ்கி, இளவரசனை ஆற்றில் மூழ்கடித்துக் கதையை முடித்தார். இன்றைய மேடைக்கு அந்தத் தண்டனை வேண்டியதில்லை. அவன் கேட்டதும் விளக்கை அணைத்துவிடுங்கள்.

உங்கள் தழுவலின் உயிர்நாடி வேறிடத்தில் இருக்கிறது. தகப்பனுக்கென்று இளவரசன் விட்டுச்சென்ற பணப்பையை மகள் தகப்பனிடமே நீட்டுகிறாளே, அந்தக் காட்சிக்கு ஒத்திகையில் மிகுதியான நேரம் ஒதுக்குங்கள். இளவரசனைத் தோட்ட முதலாளியின் மகனாகவும் தகப்பனைச் சர்தாராகவும், அதாவது கூலிகளின் கங்காணியாகவும், அமைத்தால், 1860 முதல் ஒப்பந்தக் கூலிகளாக இங்கு வந்திறங்கியவர்களின் வழித்தோன்றல்களுக்கு அந்தப் பையின் கனம் விளக்காமலே புரியும். பிற்பாடு பித்துப்பிடித்துத் தன்னை அண்டங்காக்கை என்று சொல்லித் திரியும் அந்தத் தகப்பனைத் தயவுசெய்து சிரிப்புப் பாத்திரமாக்கிவிடாதீர்கள்.

இளையோருக்காக உரையாடலில் ஆங்கிலம் கலந்தாலும், நீரரமகளிரின் பாடல்கள் முழுவதும் தமிழிலேயே, நம் கோயில்களில் இன்றும் ஆடப்படும் தெருக்கூத்தின் மெட்டில் அமையட்டும்.