செவிலியப் பேராசிரியர் ஒருவரின் எச்-இண்டெக்ஸ் எதைச் சொல்கிறது?

கிருஷ்ணகிரி பக்கம் நர்சிங் படிக்கும் பிள்ளைகள் ஆண்கள் உடல்நலம் பற்றி புராஜெக்ட் எடுத்தால், கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகச் செவிலியப் பேராசிரியர் ஜான் ஆலிஃப்பின் கட்டுரைகள் கண்ணில் படலாம். இப்படிப்பட்டவர்களின் பெயரோடு வரும் எச்-இண்டெக்ஸ் என்றால் என்ன?

ஒருவரின் 20 கட்டுரைகளை ஆய்வாளர்கள் ஒவ்வொன்றையும் 20 முறையாவது மேற்கோள் காட்டியிருந்தால், அவர் எச்-இண்டெக்ஸ் 20ஐ எட்டிவிட்டார். இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ் 2005இல் சொன்ன கணக்கு இது. மாந்தோப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே மரம் 400 கூடை காய்த்து, மற்றவை சும்மா நின்றால் அதை நல்ல தோப்பு என்று யாரும் குத்தகைக்கு எடுக்க மாட்டார்கள். 20 மரங்கள் ஆளுக்கு 20 கூடை தந்தால் நம்பி எடுப்பார்கள். மொத்த மேற்கோளை மட்டும் கூட்டினால் அந்த ஒற்றை மரம் ஏமாற்றிவிடும். அதனால்தான் இந்த முறை.

ஆலிஃப் ஆண்களின் மனச்சோர்வு, புராஸ்டேட் புற்றுநோய் பற்றியெல்லாம் எழுதியவர். மனைவி இழுத்து வந்தால்தான் ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கும் ஆணிடம் ஒரு நர்ஸ் எப்படிப் பேச்சுக் கொடுக்கிறார் என்பதிலும் இத்தகைய ஆய்வின் பலன் இருக்கிறது. எச்-இண்டெக்ஸ் அதை எண்ணாது. என்னைக் கேட்டால் அதுதான் இதன் பெரிய குறை.

அப்புறம், எண் பெரிதாக இருப்பவரே சிறந்தவர் என்று பலர் நினைக்கிறார்கள். துறைக்குத் துறை மேற்கோள் காட்டும் வழக்கமே வேறு என்பதால், செவிலியத் துறை எண்ணை இருதய மருத்துவ எண்ணோடு ஒப்பிடவே கூடாது.